தினமும் குளிக்கலாம், தினமும் சோப்புப் போட வேண்டுமா? மூன்று வழக்கங்கள், ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு எழுபது தாண்டிய பிறகு கால் அரிப்பு வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் மட்டும். ராத்திரி தூக்கத்திலேயே சொறிவார். காலையில் போர்வையை உதறினால் மாவு மாதிரி வெள்ளைத் தூள் பறக்கும். நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்தால் சிலேட்டில் எழுதியது போல அப்படியே நிற்கும். உடம்பில் அழுக்குச் சேர்ந்துதான் அரிக்கிறது என்று அவரே முடிவுகட்டி, ஒரு வேளைக் குளியலை இரண்டு வேளை ஆக்கினார். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், நிறைய நுரைக்கும் சோப்பு, முதுகு தேய்க்கிற நாரால் காலுக்கும் ஒரு தேய்ப்பு. குளித்து அரை மணி நேரம் இதமாக இருக்கும். அப்புறம் முன்னைவிட மோசமாக அரிக்கும்.

தோல் மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன்பே கேட்டது: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்புப் போடுறீங்க ஐயா?" அவர் எழுதிக் கொடுத்ததைவிட நிறுத்தச் சொன்னதுதான் அதிகம். காலுக்குச் சோப்பு வேண்டாம், நார் வேண்டவே வேண்டாம், வெந்நீரை வெதுவெதுப்பாகக் குறையுங்கள், துண்டால் ஒற்றியபின் மிச்சமிருக்கும் ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவுங்கள். மூன்று வாரத்தில் அந்த வெள்ளைக் கோடு விழுவது நின்றது. மனிதர் இரவில் தூங்க ஆரம்பித்தார்.

சுத்தம் என்று நம்பிச் செய்த வேலையே அவரை அத்தனை மாதம் வதைத்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். குளிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. எந்த இடத்துக்கு, எதைக் கொண்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மூன்று வழக்கங்கள்

முதலாவது, தினமும் ஒரு வேளையோ இரண்டு வேளையோ தலைக்குக் கீழே உடம்பு முழுக்கச் சோப்பு. இதை முழுச்சோப்பு வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, தினமும் உடம்புக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது, ஆனால் சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பிட்டம், பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். மூன்றாவது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் முழுக் குளியல். மற்ற நாட்களில் முகத்தையும் மேலே சொன்ன இடங்களையும் மட்டும் கழுவிக்கொள்வது.

பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. மூன்றாவதும் நல்லதுதான், ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். முதலாவது சிலருக்கு அவசியம், பலருக்கு வெறும் பழக்கம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத் தோலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் போன்றது. இறந்துபோன செல்கள் செங்கல். செராமைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பூச்சு இடையிலுள்ள சாந்து. உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமலும் வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள் நுழையாமலும் காப்பது இந்தச் சாந்துதான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். அப்படித்தான் பிசுக்கு கழன்று போகிறது. ஆனால் எது மேலே ஒட்டிய பிசுக்கு, எது சுவரின் சாந்து என்று அது பார்ப்பதில்லை. இரண்டிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். வெந்நீர் சாந்தை இளக்கிக் கொடுக்கும், நார் செங்கலையே உரிக்கும். குளித்ததும் தோல் 'விண்'ணென்று இழுத்துப் பிடித்தது போல இருக்கிறதே, அதைப் பலர் சுத்தத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். அது சாந்து குறைந்துபோனதன் அடையாளம்.

இன்னொன்று, தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது; பிஎச் அளவு சுமார் 5. வழக்கமான சோப்புக் கட்டி காரத்தன்மை கொண்டது; அதன் பிஎச் 9 முதல் 10 வரை. ஒருமுறை சோப்புப் போட்டபின் தோல் பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம். இளம் வயதில், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் இது ஒரு பொருட்டே இல்லை. வயதாக ஆக எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. அப்பாவின் கால் தோல் தேறுவதற்குள் அடுத்த வேளைக் குளியல் வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

சரி, வியர்வை? உடம்பெங்கும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சுரப்பது உப்புத் தண்ணீர். அதற்கு நாற்றம் கிடையாது. கிருமிகளை எதிர்க்கும் டெர்ம்சிடின் என்ற பொருள்கூட அந்த வியர்வையில் இருப்பது 2001இல் தெரியவந்தது. கற்றாழை நாற்றம் என்று நாம் சொல்வது வேறு இடத்திலிருந்து வருகிறது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பருவ வயதில் விழித்துக்கொள்ளும் வேறு வகைச் சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது கந்தகம் கலந்த பொருட்கள் உண்டாகின்றன. துளியூண்டு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து வயதுவரை வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு வந்தாலும் பெரிதாக நாறாத பிள்ளை, பதின்மூன்றில் பள்ளிச் சட்டையைக் கழற்றியதும் அறையே மாறுவதற்குக் காரணம் இதுதான். பாதத்தின் கதை தனி: அங்கே சாதாரண வியர்வைதான், ஆனால் காலணிக்குள் காற்றில்லாமல் ஊறிக் கிடக்கிறது. பாக்டீரியாக்களுக்கு அதைவிட வசதி வேறெங்கும் இல்லை.

முன்கை, கெண்டைக்கால், வயிறு, தொடையின் வெளிப்பக்கம், இங்கெல்லாம் இந்தப் பிரச்சினையே இல்லை. உடம்பின் பெரும்பரப்பு அதுதான். நாளும் அங்கே சோப்புப் போட்டு எதைக் கழுவுகிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் விடை தூசும் உப்பும். அதற்குத் தண்ணீரே போதும்.

எது யாருக்கு

முழுச்சோப்பு வழக்கத்தைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. கிரீஸ், சிமெண்ட், பெயின்ட், பூச்சிக்கொல்லி, கழிவுநீர் இவற்றோடு புழங்குகிறவர்களுக்கு வேலை முடிந்த உடனே சோப்புப் போட்டுக் குளிப்பது தோலுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு. அங்கே கேள்வியே எழவில்லை. வியர்த்துக் கொட்டும் உடற்பயிற்சி செய்கிறவர்கள், முதுகிலும் மார்பிலும் பரு வரும் பதின்வயதினர், இவர்களுக்கும் தினமும் குளிப்பது நல்லது. ஆனால் குளிரூட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று உடம்பு முழுக்க நுரை பூசுகிறவருக்குக் கிடைப்பது என்ன? மணம், புத்துணர்வு, ஒரு நிம்மதி. அவை பொய்யல்ல. ஆனால் அந்த நிம்மதியைத் தண்ணீர் மட்டுமே கொடுத்துவிடும். சோப்பு கூடுதலாகக் கொடுப்பது வறட்சியைத்தான்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரண ஷவரில் நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர் கொட்டுகிறது என்றால், பத்து நிமிடக் குளியலுக்கு 90 லிட்டர். குடிக்க, சமைக்க, துவைக்க, கழுவ எல்லாமும் சேர்த்து ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படைக் கணக்கு. உடம்பு முழுக்க நுரை பூசி, தேய்த்து, அதைக் கழுவிவிடுகிற நேரம்தான் குளியலை நீட்டுகிறது. இரண்டாவது வழக்கத்துக்கு ஐந்து நிமிடம் தாராளம். தோலுக்கும் அதுவே நல்லது. நீண்ட நேரம் ஊறினால் தோல் ஈரம் பெறும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு.

மூன்றாவது வழக்கத்தைச் சொன்னதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் குழந்தைகளைக் காட்டுவேன். பிறந்த குழந்தையின் முதல் குளியலையே 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் வருடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் குளியல் போதும், டயபர் மாற்றும்போது அந்த இடத்தை நன்றாகச் சுத்தம் செய்தால். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது குளியல் வேண்டும் என்கிறது. அதற்கு மேல் சேறு, வியர்வை, நீச்சல் இருந்தால் அந்தந்த நாளில். பருவ வயது தொட்டதும் தினமும் என்று மாற்றிச் சொல்கிறது. சுரப்பிகள் விழித்துக்கொள்வதோடு அறிவுரையும் மாறுவதைக் கவனியுங்கள்.

விண்வெளிக்குப் போகிறவர்களையும் சொல்லலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஷவர் கிடையாது. ஆறு மாதம் தங்குகிறவர்கள் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்கிறார்கள், அலசத் தேவையில்லாத ஷாம்பு போட்டுத் தலையைத் துவட்டுகிறார்கள். குளியல் இல்லாமலே அவர்கள் சமாளிக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு இது ஒரு ஆறுதலாக இருக்கட்டும்: தினமும் குளிக்க வைக்க முடியவில்லையே என்று உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இடுக்குகளையும் பாதத்தையும் முகத்தையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் தினமும் துடைத்து, ஈரம் தங்காமல் ஒற்றி எடுத்தால் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள்.

மூன்றாவது வழக்கத்தின் பலவீனம் ஒன்றுதான். 'மற்ற நாட்கள்' நழுவிவிடும். இன்று குளியல் நாள் இல்லை என்றதும் அக்குளும் பாதமும் சேர்ந்தே மறந்துபோகும். அப்படியானால் அது காக்காய்க் குளியல்கூட இல்லை. அந்த ஒழுங்கு உங்களுக்கு வராது என்றால் இரண்டாவதே மேல். தினமும் குளியலறைக்குள் போவதால் இடுக்கு கழுவுவது தானாக நடந்துவிடும்.

எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய்) உள்ளவர்கள் இந்த இடத்தில் குழம்பிப்போகிறார்கள். ஒரு மருத்துவர் தினமும் குளி என்பார், இன்னொருவர் குறை என்பார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸிமா உள்ள 438 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அநேகமாகத் தினமும், மறுபாதியை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் குளிக்கச் சொல்லி ஒரு மாதம் பார்த்தார்கள். நோயின் தீவிரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது பெரிய நிம்மதியான செய்தி. எத்தனை முறை என்பதில் அவர்கள் தங்கள் வசதிப்படி இருக்கலாம். சோப்புக்குப் பதில் மென்மையான கழுவுநீர்மம், வெதுவெதுப்பான தண்ணீர், முடிந்ததும் களிம்பு என்று தோலைக் காத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

உண்மையில் கழுவ வேண்டியது கை

இவ்வளவு நேரம் குளியலைக் குறைப்பது பற்றிப் பேசினேன். இங்கே பேச்சைத் திருப்ப வேண்டும். நோயைத் தடுப்பது என்று பார்த்தால், முதுகுக்குப் போடும் சோப்பும் கைக்குப் போடும் சோப்பும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. முதுகு எதையும் தொட்டு வாயில் வைப்பதில்லை. கைதான் கதவுப் பிடியையும் கழிப்பறைக் குழாயையும் தொட்டுவிட்டு, அடுத்த நிமிடம் மூக்கையும் கண்ணையும் தொடுகிறது.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டது இதைத்தான். ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். செவிலித்தாய்கள் பார்த்த பிரிவைவிட, பிணப்பரிசோதனை செய்துவிட்டு நேரே வந்து பிரசவம் பார்த்த மருத்துவ மாணவர்களின் பிரிவில் தாய்மார்கள் பல மடங்கு இறந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று அவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் என்று இருந்த சாவு, ஜூனில் 2 பேர் அளவுக்கு இறங்கியது. அந்த மாணவர்கள் குளிக்காமல் வந்தவர்கள் அல்ல. கை கழுவாமல் வந்தவர்கள்.

இன்றைய கணக்கும் அதே பக்கம்தான். மக்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தால் வயிற்றுப்போக்கு நோய்கள் 23 முதல் 40 சதவீதம் வரையும், சளி போன்ற சுவாச நோய்கள் 16 முதல் 21 சதவீதம் வரையும் குறைகின்றன என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். குளியலின் எண்ணிக்கையைக் கூட்டினால் இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை யாராவது கை கழுவும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளங்கை இரண்டும் இரண்டு முறை உரசும், குழாய் மூடப்படும். கட்டைவிரலை யாரும் தேய்ப்பதில்லை. விரல் நுனிகளும் நகக்கண்ணும் நனைவதோடு சரி. ஆனால் கண்ணுக்கும் வாய்க்கும் போவது அந்த நுனிகள்தான். நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் சுழற்றித் தேயுங்கள். கட்டைவிரலை மறுகையால் பிடித்துத் திருகுங்கள். விரலிடுக்கைக் கோத்துத் தேயுங்கள். இருபது வினாடி என்பது இதற்கெல்லாம் தேவைப்படும் நேரம். தண்ணீர் சூடாக இருக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

சோப்பா, சானிடைசரா? இரண்டும் கையருகே இருந்தால் சோப்பு. ஆல்கஹால் 60 சதவீதமாவது உள்ள சானிடைசர் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸை அது சரியாக அடக்குவதில்லை. அழுக்கோ எண்ணெயோ படிந்த கையிலும் அதன் பலன் குறைவு. சோப்பும் தண்ணீரும் கிருமியைக் கொல்லாவிட்டாலும் கழுவி வெளியே அனுப்பிவிடும். கிருமிநாசினி சோப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சாதாரண சோப்பைவிட இது மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லித்தான், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் போடக் கூடாது என்று 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடுத்தது.

மிச்ச இடங்கள்

தலைக்குக் குளிப்பது வேறு, உடம்புக்குக் குளிப்பது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள தலைக்குத் தினமும்கூட ஷாம்பு போடலாம். சுருட்டையான, வறண்ட முடிக்கு வாரம் ஒருமுறை போதும். பொடுகு உள்ளவர்கள் தலையை வறட்சி என்று நினைத்துக் குளியலைத் தள்ளிப்போடுவார்கள். பொடுகு பெரும்பாலும் தலையின் எண்ணெயைத் தின்று வளரும் மலாசீசியா என்ற பூஞ்சையோடு சம்பந்தப்பட்டது. அவர்கள் கூட்டத்தான் வேண்டும், அதற்குரிய ஷாம்புவோடு.

பெண்ணுறுப்பின் உட்பகுதிக்குச் சோப்பு, வாசனை நீர் எதுவும் வேண்டாம். அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இடம். உள்ளே கழுவினால் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் குலைந்து தொற்றுதான் வரும். வெளிப்பகுதிக்குத் தண்ணீர் போதும். காதுக்குள் பஞ்சுக் குச்சியும் வேண்டாம். மெழுகு தானே வெளியே வரும், குச்சி அதை உள்ளே தள்ளும். பாதத்தை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். தினமும் கழுவி, விரலிடுக்கை ஒற்றி, புண் ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஊறவைக்க வேண்டாம்.

சொறி சிரங்கு வந்தவர்களைக் குளிக்காதவர்கள் என்று பழிப்பது கொடுமை. அது தோலுக்குள் வளை தோண்டும் ஒரு சிற்றுண்ணியால், நெருங்கிப் பழகும்போது ஒட்டுவது. நாளுக்கு மூன்று முறை குளித்தாலும் வரும், குளித்தால் போகாது. மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால்தான் போகும்.

துணி விஷயத்தில் கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குளித்துவிட்டு நேற்றைய பனியனை மாட்டினால் குளித்த பலனில் பாதி போய்விட்டது. உள்ளாடையும் காலுறையும் தினமும் மாற வேண்டும். வியர்வை பட்ட சட்டை, குறிப்பாக பாலியெஸ்டர் கலந்தது, நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துண்டை மூன்று நான்கு முறைக்கு ஒருமுறை துவைத்து, ஒவ்வொரு முறையும் விரித்துக் காயப்போடுங்கள். குளியலறைக்குள்ளேயே ஈரமாகத் தொங்கும் நார் இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடுங்கள். உள்ளங்கை போதும்.

வழக்கத்தை மாற்ற நினைப்பவர்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் முன்கைக்கும் கெண்டைக்காலுக்கும் சோப்பை நிறுத்துங்கள் (உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் அல்ல), தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வீட்டில் உங்களிடம் ஒளிக்காமல் பேசக்கூடிய ஒருவரிடம், என் மேல் ஏதாவது வாடை வருகிறதா என்று கேளுங்கள். நம் வாடைக்கு நம் மூக்கு பழகிவிடும், அதை நம்ப முடியாது. வருகிறது என்றால் அக்குளுக்கு இன்னும் கவனமாகச் சோப்புப் போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை, அல்லது தோல் சிவந்து வெடிக்கிறது என்றால் சோப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பா ஏழு மாதம் தாமதித்தார்.